நாற்பது முதுகுகள்

"என்ன ஓய் இது, பள்ளிக்கூடமா ஜெயிலா?"

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அனந்தராமய்யர் வாசலிலேயே நின்றுவிட்டார். எழுமலையிலிருந்து மூன்று மைல் மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தவரை வரவேற்றது நாற்பது முதுகுகள்.

மத்தியான வேளை. பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து கம்பங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

வாத்தியார் கருத்தக்கண்ணன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஊர்ல வீட்டுக்கு ஒரு கைப்பிடி தானியம் குடுக்குறாகய்யா. கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச பொறகுதான் பிள்ளைக சாயங்காலம் வரைக்கும் தங்கிப் படிக்குதுக."

"அதைக் கேட்கலை. எதுக்கு இதுகளைச் சுவரைப் பார்க்க வெச்சிருக்கீர்?"

"அது... ரெங்கம்மா செஞ்ச ஏற்பாடுங்க."

கஞ்சி காய்ச்சும் ரெங்கம்மாள் அகப்பையும் கையுமாகப் பானையருகே நின்றிருந்தாள். புது ஆள் குரல் கேட்டு ஒரு சின்னப் பெண் லேசாகத் தலையைத் திருப்பியது.

"ஏ அன்னக்கொடி, சுவத்தப் பாரு!"

தலை பழையபடி திரும்பிக்கொண்டது.

அய்யருக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு வாய்க் கஞ்சிக்காகக் குழந்தைகளை இப்படியா அவமானப்படுத்தறது? இந்தக் கஞ்சியே வேண்டாம், நிறுத்துங்கோன்னு ஜில்லா போர்டுக்கு எழுதப்போறேன்."

வாத்தியார் முகம் செத்துவிட்டது. ரெங்கம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"எழுதுங்க சாமி. நான் சொல்றதக் கேட்டுட்டு எழுதுங்க. மொதல்ல எதிரும் புதிருமாத்தான் உக்கார வச்சேன். 'யாரு பக்கத்துல உக்காந்து தின்னே'ன்னு வீட்டுல கேட்டிருக்காக. பிள்ளைக பேரச் சொல்லிருச்சுக. மறுநாளு மேலத்தெருப் பிள்ளைக ஒன்னும் வரல. தானியமும் வரல. பானை கவுந்து கெடந்துச்சு. ரெண்டே நாள்ல கீழத்தெருப் பிள்ளைகளும் ஆடு மேய்க்கப் போயிருச்சுக."

"அப்புறம்?"

"அப்புறந்தான் இப்பிடித் திருப்பி வச்சேன். இப்ப வீட்டுல கேட்டா, 'சுவத்தப் பாத்துத் தின்னேன், யாரையும் பாக்கல'ங்குதுக. பொய்யும் இல்ல பாருங்க. கேக்குறவுகளுக்கும் அம்புட்டுப் போதுமா இருக்கு. அம்புட்டுப் பிள்ளையும் திரும்பி வந்துருச்சு."

அய்யர் மறுபடி பார்த்தார்.

நாற்பதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தன. அன்னக்கொடி சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, தன் துவையலில் பாதியைப் பக்கத்துக் கும்பாவுக்குத் தள்ளினாள்.

அய்யர் பேனாவை மூடினார்.

"எனக்கும் ஒரு கும்பா ஊத்தும்மா."

ரெங்கம்மாள் திகைத்துப்போனாள். "சாமி... எங்க கையாலயா? இருங்க, வெளிய மரத்தடியில நாற்காலி போடச் சொல்றேன்."

"நாற்காலி எதுக்கு?"

அய்யர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அன்னக்கொடிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்காத்துலயும் கேட்பா."