வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

“ஏனுங்க தம்பி, கேமராவுக்கு அம்மை போட்டிருக்குதுங்களா?” என்றார் தங்கமுத்து, அதன் சின்னத் திரையைப் பார்த்தபடி.

சபரிநாதன் சிரிக்கவில்லை. நாமக்கல்லில் இருபது வருஷமாகக் கேமரா பழுதுபார்க்கும் தங்கமுத்து அதைப் பொருட்படுத்தாமல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். சுவரில் மாலை போட்ட ஓர் இளம்பெண்ணின் போட்டோ, கீழே விளக்கு, இரண்டையும் சுற்றி வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள்.

போட்டோவில் இருந்தவள் சபரிநாதனின் மனைவி இலக்கியா. இறந்து பதினோரு மாதம் ஆகிறது. கேமராவும் அவளுடையதுதான்.

படம் எடுப்பது அவளுடைய அம்மா பழனியம்மாள். மகளின் காரியத்துக்குக் குமாரபாளையத்திலிருந்து வந்தவர், மகன் வீட்டுக்குத் திரும்பாமல் மருமகனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நாலு மாதமாக, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுப்பார். எடுத்த கையோடு கொண்டுவந்து நீட்டுவார். “வந்துட்டா, பாருங்க மாப்ள.”

சபரிநாதன் குனிந்த தலையை நிமிர்த்திப் பார்ப்பான். பிறகு மறுபடி குனிந்துகொள்வான்.

நேற்று மச்சான் பாலசுந்தரம் போன் செய்தான். செத்தவள் போட்டோவில் வருவதாகச் சொல்கிறார், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து சேலத்தில் மனநல டாக்டரிடம் காட்டப்போகிறேன், அப்படியே எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்றான். சபரிநாதன் சரி என்று வைத்துவிட்டான். கிணற்றடிக்குப் போய்க் கை கழுவும்போதுதான் அந்த அம்மாள் இல்லாத வீடு கண்முன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் புள்ளிகளுக்குக் காரணம் கண்டுபிடித்து, அவருக்குப் புரியவைத்துவிட வேண்டும்.

தங்கமுத்து லென்ஸைத் துடைத்தார். கடைக்குள்ளேயே பத்துப் படம் எடுத்தார். ஒரு புள்ளி இல்லை. பிறகு மேசை துடைக்கும் துணியை எடுத்து கேமராவுக்கு முன்னால் ஓர் உதறு உதறி, பதினொன்றாவதை எடுத்தார். திரை முழுக்கப் புள்ளி.

“தூசிங்க. லென்ஸுக்குக் கிட்டத்துல பறக்கறது மேல ஃப்ளாஷ் பட்டா இப்படித்தான் உருண்டையா உப்பிக்கிட்டுத் தெரியும்” என்றார். “அந்நேரத்துல ஊட்டுல யாராச்சும் கூட்டுவாங்களா?”

“வெளக்கு வெச்சப்புறம் யாருங்க கூட்டுவாங்க.”

“ஃபேனு?”

“வெளக்கு அணைஞ்சுரும்னு நிறுத்திருவாங்க.”

தங்கமுத்து தாடையைச் சொறிந்தார். காற்றே அசையாத வீட்டில் தூசி எப்படிக் கிளம்பும் என்று அவருக்கே விளங்கவில்லை. பிறகு சபரிநாதன் கோழித்தீவன ஆலையில் சூப்பர்வைசர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் தெளிந்தது.

“அதானே பாத்தேன். உங்க சட்டையை உதறுனா நாலு கோழிக்கு ஒரு வேளைத் தீவனம் ஆகுமுங்க. குளிச்சுட்டு எடுக்கச் சொல்லுங்க, சரியாப் போயிரும்.”

அன்றும் வெள்ளிக்கிழமை. சபரிநாதன் நேரத்தோடு வீட்டுக்குப் போய், சட்டையை வெளியே கொடியில் போட்டுவிட்டுக் குளித்தான். ஈரத்துணியால் கூடத்தைத் தானே இரண்டு முறை துடைத்தான். பழனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, எதற்கென்று கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் விளக்கேற்றினார். கதவு சாத்தியிருந்தது. சுடர் ஆடவே இல்லை. அவன் வழக்கம்போல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தான். ஃப்ளாஷ் வெட்டியது. அவர் கேமராவைக் கொண்டுவந்து நீட்டினார்.

எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள்.

“இன்னைக்கு ரொம்ப நல்லா வந்திருக்கா மாப்ள.”

அவன் கேமராவைக் கீழே வைத்தான். தங்கமுத்து சொன்னதைச் சொன்னான், பாலசுந்தரம் சொன்னதைச் சொன்னான், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொன்னான். இந்தப் பதினோரு மாதத்தில் சேர்ந்தாற்போல் அவன் இவ்வளவு பேசியதில்லை.

“இது வெறுந் தூசிங்க அத்தை. எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல. ஆனா இலக்கியா இல்லீங்க. மச்சான் வந்து கேட்டா அதையே சொல்லுங்க. இல்லீனா உங்களைக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

பழனியம்மாள் அவன் முகத்தையே பார்த்தார். அழவில்லை.

“தூசின்னு எனக்குத் தெரியாதுங்களா மாப்ள” என்று, மூடியிருந்த இடது கையை விரித்தார். உள்ளங்கை நிறையத் திருநீறு.

“நாந்தானுங்க ஊதுறேன்” என்றார். “மொதத் தடவை தெரியாம வந்துச்சு. நெத்திக்கு இட்டுட்டுக் கையை ஊதுனேன், அந்தத் தூளு அடங்கறதுக்குள்ள போட்டோ புடிச்சுட்டேன். அப்பறம் ஒவ்வொரு வெள்ளிக்கும் வேணும்னே ஊதுனேன்.”

“எதுக்குங்க அத்தை?”

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“மொதப் படத்தைக் காட்டுன அன்னைக்குத்தானுங்க சாமி, நீங்க தலை நிமிந்து பாத்தீங்க.”