மலைப்பாதையில் ஒரு கோளாறு

ஒரே அமெரிக்கக் கம்பெனியில், ஒரே பெயரோடு பிறந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் மலை உச்சியில் நடக்கும் கார் கண்காட்சிக்குப் புறப்பட்டன. சிவப்புக் காருக்கு ஐம்பத்தெட்டு வயது. நீலக் கார் போன வருஷம்தான் வந்தது. முதலில் வருகிறவர்களுக்கு வாசலருகே இடம் என்று சொல்லியிருந்தார்கள்.

பாதி மலை ஏறுவதற்குள் சிவப்புக் காரின் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. அது ஓரமாக ஒதுங்கி நின்றது.

"நீ போ தம்பி. நான் சும்மா பள்ளத்தாக்கைப் பார்க்கலாம்னு நின்னேன்" என்றது.

நீலக் கார் ஆவியைப் பார்த்தது. மேலே காலியாகக் கிடந்த சாலையையும் பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்து எஞ்சினை அணைத்தது.

"என்னால போக முடியல பெரியப்பா. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு காட்டுது."

"எங்க காலத்துல கம்ப்யூட்டரும் கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது. சரி, பயப்படாதே. உனக்குச் சரியாகிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

எத்தனையோ கார்கள் இரண்டையும் தாண்டிப் போயின. அரை மணி நேரத்தில் ரேடியேட்டர் ஆறியது.

"இப்ப சரியாயிடுச்சு பெரியப்பா" என்றது நீலக் கார்.

கண்காட்சியில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஜீப்பிடம் சிவப்புக் கார் சொன்னது: "வழியில தம்பி நின்னுட்டான். விட்டுட்டு வர மனசு வரல."

"ஆமாம்" என்றது நீலக் கார். "பெரியப்பா இல்லாட்டி தவிச்சுப் போயிருப்பேன்."