அம்மாக்கள்

"ஒரு பிள்ளைக்கு எத்தனை அம்மா இருப்பாங்கம்மா?"

டீம் லீடர் இப்படிக் கேட்டதும் மீட்டிங் ரூமில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். கேள்விக்கு ஆளானவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆபீசில் லீடருக்கு 'சுத்தம் சார்' என்று பெயர். தன் டீம் எழுதும் புரோகிராமில் வேண்டாத வரி ஒன்றுகூட இருக்காது என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே இருக்காது.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய ஆப்பைத் தூக்கிவிட்டுப் புதிது செய்துகொண்டிருந்தார்கள். பள்ளியின் சர்வரிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் பெட்டிக்குள் பெட்டியாக வரும். பிள்ளைக்குள் வீடு, வீட்டுக்குள் அப்பா, அம்மா, அவர்களுக்குள் பெயர், போன் நம்பர். அதையெல்லாம் பிரித்து, ஆப்புக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு ஆப்ஜெக்டாக, அதாவது பெயர் ஒட்டிய தனிப் பெட்டியாக, மாற்றுவது அவள் வேலை.

எல்லாவற்றையும் அழகாகத்தான் மாற்றியிருந்தாள். அம்மாவுக்கு மட்டும், ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசையையே போட்டு, 'அம்மாக்கள்' என்று பெயரும் வைத்திருந்தாள்.

விஷயம் வெளியே கசிந்தது. காபி மெஷின் பக்கம் போனவர்களெல்லாம் "உங்க அம்மாக்கள் சௌக்கியமா?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

"நாளைக்குத் தலைமையாசிரியை பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள ஒருமையா மாத்திடுங்க" என்றார் லீடர்.

"வேண்டாம் சார். ஒருத்தர் வந்தாலும் ஓடும், ரெண்டு பேர் வந்தாலும் ஓடும். எதுவும் உடையாது."

"ரெண்டு பேர் ஏம்மா வரப்போறாங்க?"

அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

டெஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். புரோகிராமில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அடுத்தவர் வீட்டுக் கதையைக் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு.

"இவங்க ரெண்டாந்தாரம் சார். முதல் மனைவி இறந்துட்டாங்க. அவங்களோட பொண்ணு இதே ஸ்கூல்லதான் படிக்குது. அம்மான்னு தன் பேரும் வரணும்ல? அதுக்குத்தான் இந்த வரிசை."

சுத்தம் சாரின் முகம் சுருங்கியது. சொந்த ஆசையைப் புரோகிராமுக்குள் நுழைப்பதா? அவருக்கு அது மன்னிக்க முடியாத அசிங்கம். கடைசி நேரத்தில் கைவைத்து வேறு எதுவும் உடைந்து தொலைய வேண்டாம், நாளை நல்லபடியாக முடியட்டும், பிறகு அந்த வரிசையையும் எடுத்துவிடலாம், அவளையும் டீமை விட்டு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் தலைமையாசிரியை வந்தார். ஆப் வழுக்கிக்கொண்டு ஓடியது. தன் டீமைப் பற்றி லீடர் வழக்கமாகப் பாடும் பாட்டைப் பாடி முடித்தார். ஏதாவது ஒரு பிள்ளையின் விவரத்தைக் காட்டச் சொன்னார் தலைமையாசிரியை.

மவுஸ் டெஸ்டர் கையில் இருந்தது. ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, அவளுடைய மகளின் பக்கத்தையே திறந்தார்.

பெரிய திரையில் சிறுமியின் போட்டோ, வகுப்பு, அப்பா பெயர். அதற்கும் கீழே, 'அம்மா' என்ற இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

லீடர் பதறிப்போய் எழுந்தார். "சின்னத் தப்பு மேடம். இன்னைக்கே எடுத்துடறோம்."

"இருங்க. இதை எழுதினது யாரு?"

கடைசி நாற்காலியிலிருந்து அவள் எழுந்து நின்றாள். தலைமையாசிரியைக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பெற்றோர் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாதவள்.

"நீங்களா? பழைய ஆப்ல அம்மான்னு உங்க பேர்தானே வந்துட்டிருந்தது?"

டெஸ்டரின் கை மவுஸிலிருந்து இறங்கியது.

"ஆமா மேடம். ஸ்கூல் சர்வர் ரெண்டு பேரையும்தான் அனுப்புது. பழைய ஆப்ல ஒருத்தருக்குத்தான் இடம். பின்னால வந்த பேர் முன்னால இருந்த பேரை அழிச்சிடுச்சு."

"அப்போ மேல இருக்கிற பேரு?"

அவள் திரையைப் பார்த்தாள். தன் பெயருக்கு மேலே பளிச்சென்று நின்ற அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் தலை தானாக நிமிர்ந்தது.

"எங்க பொண்ணைப் பெத்தவங்க மேடம்" என்றாள் பெருமையாக.