கிடைச்சாச்சு

ஆஃபர் லெட்டர் கைப்பையில் பத்திரமாக இருந்தது. அது கொடுத்த தைரியத்தில்தான் லிஜி அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“சீக்கிரம் சொல்லுங்க சிஸ்டர். பன்னெண்டு மணிக்கு ஆபீஸைப் பூட்டிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போகணும்” என்றான் சுஐபு. ராஸ் அல் கைமாவின் அந்த மருத்துவமனையில் நர்சுகளின் ஒப்பந்தமும் விசாவும் அவன் மேஜையைத் தாண்டித்தான் போகும். மணி பதினொன்று நாற்பது.

மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்றில் கையெழுத்திட்டால் இன்னும் இரண்டு வருடம் நைட் டியூட்டி. மற்றதில் கையெழுத்திட்டால் பதினோரு வருட வேலைக்கு முழுக்கு.

“நல்லா யோசிச்சுக்குங்க. உங்க இடத்துக்கு ஆள் ரெடியா இருக்கு. நான் சிஸ்டத்துல ஏத்திட்டா கலாஸ், முடிஞ்சுது, யாராலயும் மாத்த முடியாது. வீட்டுக்காரர், புள்ள விசா எல்லாம் உங்க பேர்லதானே ஓடுது?”

“அவருக்கு அபுதாபியில வேல கெடச்சாச்சு அண்ணா. ஆயில் கம்பெனி. ஒண்ணாம் தேதி ஜாயினிங். வீடும் அவங்களே தாறாங்க.”

அவள் கணவன் கிறிஸ்துதாஸ் வேலையிழந்து எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் வேலை தேடினான். அப்புறம் ‘நினைத்தாலே நடக்கும்’ என்று சொல்லித் தரும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். தேடுவதை விட்டுவிட்டு நினைக்க ஆரம்பித்தான்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் துண்டுச் சீட்டுகள் முளைத்தன. ‘ஒருவேளை’, ‘கிடைக்கலன்னா’ என்ற சொற்களுக்கு வீட்டில் தடை வந்தது. ரசத்தில் உப்பில்லை என்று மகள் சொன்னால்கூட “நெகட்டிவா பேசாத மக்களே” என்பான்.

லிஜி வாய்விட்டே சிரித்திருக்கிறாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவன் அந்த லெட்டரை அவள் கையில் வைத்தான். சூப்பர்வைசர் வேலை, இருபத்திரண்டாயிரம் திர்ஹாம் சம்பளம். “கெடச்சாச்சு லிஜி!” என்றான். சிரித்த பாவத்துக்கு அவள் மாதா படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதாள்.

இப்போது பேனாவை எடுத்த கை ஏனோ தயங்கியது. போனில் அவனைக் கூப்பிட்டாள். அவளை வாசலில் இறக்கிவிட்டு அவன் பார்க்கிங் தேடிப் போய் இருபது நிமிடம் ஆகிறது.

“எங்க நிக்கீங்க?”

“பார்க்கிங் கெடச்சாச்சு! நன்றி, நன்றி!” என்றான் கிறிஸ்துதாஸ். வண்டியின் இன்டிகேட்டர் டிக் டிக் என்றது. பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள்.

“கேளுங்க, நான் கையெழுத்துப் போடப் போறேன். ஒருவேளை அவங்க ஜாயினிங்க...”

“அந்த வார்த்தையச் சொல்லாதன்னு சொன்னேன்லா பிள்ள!” அவன் குரல் உயர்ந்தது. “சந்தேகம் ஒரு சொட்டு விழுந்தாலும் பால் முழுசும் திரிஞ்சிரும். பழைய வேலையக் கையில புடிச்சிட்டு நின்னா, நமக்கு நம்பிக்கை இல்லன்னுதான் அர்த்தம். விட்டுரு. தைரியமா விட்டுரு.”

லிஜி போனை வைத்தாள். வாரத்தில் நாலு ராத்திரி அம்மா இல்லாமல் தூங்கும் மகளை நினைத்தாள். இரண்டாவது காகிதத்தில் கையெழுத்திட்டாள்.

சுஐபு அதை ஸ்கேன் செய்தான். ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் பட்டனைத் தட்டினான்.

“கலாஸ். முப்பது நாள் நோட்டீஸ். அதுக்குள்ள உங்க விசாவையும் புள்ள விசாவையும் வீட்டுக்காரர் பேருக்கு மாத்திக்கங்க. இல்லாட்டி மூணு பேரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அவர் லெட்டரைக் குடுங்க, ஃபைல்ல ஒரு காப்பி வச்சுக்கறேன்.”

லிஜி பெருமையாக எடுத்துக் கொடுத்தாள். படித்துப் படித்து மடிப்பு நைந்திருந்தது. சுஐபு முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“சீல் எங்க சிஸ்டர்?”

“சீலா?”

“இந்த ஊர்ல பஞ்சர் ஒட்டுன பில்லுலகூட சீல் இருக்கும். இவ்வளவு பெரிய கம்பெனி லெட்டர்ல இல்லையே!”

லிஜி கிறிஸ்துதாஸை மறுபடி கூப்பிட்டாள்.

“லெட்டர்ல கம்பெனி சீல் இல்லியாம். இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணி, சீல் வச்சு அனுப்பச் சொல்லுங்க.”

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

கிறிஸ்துதாஸ் சந்தோஷத்தில் கத்தியேவிட்டான். “பாத்தியா! நீயும் நம்பிட்ட! இனி எல்லாம் தன்னால நடக்கும். சீல் கெடக்கட்டும், விடு.”

இன்டிகேட்டர் இன்னும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிங் கெடச்சாச்சு என்றவன் இன்னும் இடம் தேடிச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்போ... இந்த லெட்டர்?” என்றாள்.

“கெடச்ச மாதிரியே நெனைக்கணும்லா, அதான் நானே டைப் அடிச்சேன். நாளைக்குத்தான் அப்ளை பண்ணணும்.”