ஐம்பத்தெட்டில் ஒன்று

சவப்பெட்டியை மூடுவதற்குள் அப்பாவின் கையில் ஒரு சீட்டை வைத்துவிட வேண்டும். ஷீலா வந்தது அதற்காகத்தான். அழக் கூடாது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தின் ஜெப வீடு அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு மின்விசிறி, சுவரில் ஒரு மரச் சிலுவை. அவள் அப்பா பாஸ்டர் ஞானாபரணம் செய்யாறிலிருந்து ஒரு சைக்கிளோடு வந்து, முப்பத்தாறு வருடம் இங்கே பிரசங்கம் செய்தவர். இப்போது அந்தப் பிரசங்க மேடைக்குக் கீழே வெள்ளை ஜிப்பாவில் படுத்திருந்தார்.

மீன் விற்கும் ரத்னா அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தாள். நாற்பத்தொரு வயதானாலும் குப்பத்துக்கு அவள் இன்னும் பாப்பாதான். நாலு வருடமாக ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

அப்பாவின் தலைமாட்டில் பொன்னுரங்கம் நின்றிருந்தார். எழுபது வயது, கட்டைப் பிரம்மச்சாரி. கடலையும் இந்த ஜெப வீட்டையும் விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வருடப் பிறப்பு காலை ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது இந்தச் சபையின் வழக்கம். டிசம்பர் கடைசியில் அப்பா உட்கார்ந்து எல்லாச் சீட்டிலும் தன் கையாலேயே ஆளுக்கொரு வசனம் எழுதுவார். தட்டில் கவிழ்த்து வைத்த சீட்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் தருகிற வாக்கு அது.

எடுத்தவர்கள் எழுந்து நின்று உரக்க வாசிப்பார்கள். கடலிலேயே கிடக்கும் பொன்னுரங்கத்துக்கு, தண்ணீரில் மூழ்கமாட்டாய் என்று வரும். இதை எங்கப்பனே சொல்லிக் குடுத்துட்டாம்பா என்பார் அவர். சபையே சிரிக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு காலையில் ஷீலா மாம்பலத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அன்று நேரமாகிவிட்டது என்று அப்பா யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. வெளியே வந்து அவள் தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

பிள்ளையில்லாதவளைத் தாயாக்கி, வீட்டில் மகிழ்ந்திருக்கச் செய்வார் என்கிற சங்கீத வசனம்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் எண்ணிப் பார்த்தே பழக்கம். தட்டில் ஐம்பத்தெட்டு சீட்டு, சபையில் ஐம்பத்தெட்டு பேர். ஐம்பத்தெட்டில் அந்த ஒன்று தன் விரலுக்கு வந்ததைத் தற்செயல் என்று அவளால் ஒதுக்க முடியவில்லை.

அந்த ஒன்றை நம்பி ஐந்து வருடம் ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமே என்று கணவன் மதிவாணன் கேட்டபோதெல்லாம், வாக்கு வந்திருக்கு, பொறுங்க என்றாள். கடைசியில் ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவே இல்லை.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பாவிடம் சொன்னாள். "உங்க ஆண்டவர் பொய் சொல்லிட்டார்ப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆண்டவரைச் சொல்லாதம்மா. என்னைச் சொல்லு."

வழக்கமான பிரசங்கப் பேச்சு என்று நினைத்தாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து போன் வரும், அவள் எடுக்கமாட்டாள். போன ஞாயிறும் வந்தது.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டியின் மூடியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஷீலா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள். மடிப்பு இற்றுப்போய் இரண்டாகக் கிழியக் காத்திருந்தது. அப்பாவின் விரல்களுக்கு நடுவில் அதைச் செருகப் போனபோது பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா அது?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வந்த வாக்கு, மாமா. பலிக்கலை. திருப்பிக் குடுத்துடறேன்."

பொன்னுரங்கம் இடுப்பிலிருந்து ரெக்சின் பர்ஸை எடுத்துப் பிரித்தார். மீனவர் அட்டைக்குப் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு சீட்டை உருவி அவளிடம் நீட்டினார்.

அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. அதே வசனம்.

ஷீலாவுக்குப் புரியவில்லை. அவள் நிமிர்ந்தபோது ரத்னாவும் தன் சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்தும் ஒரு சீட்டு வந்தது. மூடியைப் பிடித்திருந்தவர்கள் அதை அப்படியே தரையில் இறக்கிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கண்ணாலமே ஆவாத எனக்கு இது இன்னாத்துக்குன்னு அன்னிக்கே அய்யாவாண்ட போய் கேட்டேன்" என்றார் பொன்னுரங்கம். "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதன்னு என் கையப் புட்ச்சிகினு அழுதாரு."

ஷீலா அப்பாவின் கையைப் பார்த்தாள். எழுதி எழுதிக் காய்த்துப்போன அந்த நடுவிரலைப் பார்த்தாள்.

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்பத்தெட்டும் இதான், பாப்பா."