எலி முதலில் நின்ற வாக்கியம்

இங்கிலீஷ் இலக்கணம் நடத்துவதற்காகத் தமயந்தி டீச்சர் மூன்று அட்டைகள் செய்திருந்தார். ஒன்று பூனை, ஒன்று எலி, நடுவில் நிற்க, 'தின்றது' என்று பொருள்படும் 'ate' என்ற வினைச்சொல். பலகையில் எப்போதும் பூனைதான் முதலில் நிற்கும். எலி கடைசியில் நின்று தின்னப்படும். எத்தனை தடவை தின்னப்பட்டாலும் எலிக்கு அந்த நடுக்கம் போகவில்லை.

ஒருநாள் டீச்சர், "இங்கிலீஷ்ல முதல்ல நிக்கிறதுதான் வேலையைச் செய்யும். இப்பப் பாருங்க!" என்று பூனையையும் எலியையும் இடம் மாற்றிக் குத்தினார்.

"ஐயோ டீச்சர், எலி பூனையைத் தின்னுடுச்சு!" என்று வகுப்பே கூச்சல் போட்டது.

"ஆனா வாக்கியம் சரிதானே?" என்று டீச்சர் சிரித்தார்.

"சரியாம்! டீச்சரே சொல்லிட்டாங்க!" எலிக்குத் தலைகால் புரியவில்லை. மீசை விறைத்துக்கொண்டது, வால் தானாகத் துள்ளியது.

கடைசியில் நின்ற பூனை மெல்லக் கேட்டது: "அண்ணே, ரொம்பப் பயமா இருக்கு. இந்த இடத்துல நீங்க எப்படித்தான் நின்னீங்க?"

எலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற வினைச்சொல்லிடம் எரிச்சலோடு சொன்னது: "தின்னப்படுறவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?"