பேசாத உறுப்பினர்

"அஞ்சு வருஷம் பார்லிமெண்ட்ல இருந்திருக்கீங்க. ஒரு தடவைகூடப் பேசலையே, ஏன்?"

கேட்டவர் வழக்கறிஞர். மடிக்கணினியில் நாடாளுமன்றப் பதிவுகளைத் திறந்து வைத்திருந்தார். எதிரே, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் முன்னாள் எம்.பி.

நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மையார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் டாக்டர். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே எம்.பி. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பேசணும்னுதாங்க போனேன். எங்க ஊர்ப் பாலத்தைப் பத்தி மனப்பாடமே பண்ணி வெச்சிருந்தேன். நான் எழுந்திரிக்கும்போதெல்லாம் பக்கத்துல இருக்கிறவர் கத்த ஆரம்பிச்சிடுவார். சரி, அவர் முடிக்கட்டும்னு உட்கார்ந்துடுவேன்."

"எப்பதான் முடிச்சார்?"

"அதுக்குள்ள என் பதவிக்காலம் முடிஞ்சு போச்சுங்க."

டாக்டர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். வழக்கறிஞர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஒரே ஒரு இடத்துல உங்க பேர் வருது. 'குறுக்கீடு'ன்னு போட்டிருக்கு. நிதியமைச்சர் பேசும்போது அப்படி என்ன குறுக்கிட்டீங்க?"

"தும்மினேங்க."

எம்.பி. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். 'நல்ல இடம், கோட்டை விட்டுடாதே' என்று அக்கா போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தேர்தலில் தோற்றதிலிருந்து வீட்டுக்கு ஆள் வரத்தே நின்றுபோயிருந்தது. இதுவும் கைநழுவினால் மிச்சக் காலம் டி.வி.யோடுதான்.

"உங்க கட்சி மொத்தமும் வெளிநடப்பு செஞ்ச அன்னிக்கு, நீங்க மட்டும் உள்ளேயே இருந்திருக்கீங்க. தலைமையை எதிர்த்தா?"

"கால் மரத்துப் போச்சுங்க. எழுந்திரிக்க முடியல."

"கட்சி மாறினதுண்டா?"

"யாரும் கூப்பிடலைங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்."

டாக்டர் மெல்லக் கேட்டார். "அவையில நீங்க தூங்குற மாதிரி பேப்பர்ல ஒரு படம் வந்துச்சே. குறட்டை விடுவீங்களா?"

"பக்கத்துல யாரும் புகார் சொன்னதில்லைங்க."

வழக்கறிஞர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். "அம்மா, இவர் சரிப்பட மாட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. வேற ஆள் பார்க்கலாம்."

எம்.பி. எழுந்துவிட்டார். எந்த அவையிலும் வராத கோபம் அவருக்கு அங்கே வந்தது.

"எனக்குப் பேச வராதுதாங்க. ஆனா எல்லாரும் கேன்டீன்ல காபி குடிச்சிட்டிருந்தப்ப, கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்து கேட்டிருக்கேன். யார் என்ன பேசினாங்கன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்." ஒரு நிமிடம் யோசித்து, நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். "அந்தப் போட்டோ எடுத்த நாளைத் தவிர."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "நடுவுல பேசாம, கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"ஆமாங்க."

"இப்படி ஒருத்தரைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருக்கேன். உட்காருங்க."

எம்.பி. நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"அதெப்படிம்மா? அந்த வெளிநடப்பு விஷயத்துல இன்னும் ரெண்டு கேள்வி..." வழக்கறிஞர் மறுபடியும் மடிக்கணினியைத் திறக்கப் போனார்.

அதன்மேல் கையை வைத்து அழுத்தினார் அம்மையார்.

"போதும்டா! உனக்கு அப்பாவா வரப்போறவரை இப்படியா குறுக்கு விசாரணை பண்ணுவே?"